ஆக்ஸ்போர்டுக்குப் போன கடிதங்கள்

தட்சிணேசுவரத்துக் காளி கோயிலில் பூசகராயிருந்து, பள்ளிப் படிப்பு அதிகமில்லாமலே வங்காளத்துக் கற்றறிந்த வாலிபர்களைத் தம்பால் ஈர்த்துக்கொண்ட ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர், 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மகாசமாதி எய்தினார். அதற்குப் பத்தே ஆண்டுகளுக்குப் பின், பாரத பூமியை ஒரு தடவையேனும் கண்டிராத மாக்ஸ் முல்லர், ஆக்ஸ்போர்டில் தம் இல்லத்தில் இருந்தபடியே அம்மகானின் சரித்திரத்தை எழுதத் துணிந்தார். ரிக்வேதத்தைச் சாயண பாஷ்யத்துடன் அச்சேற்றுவதிலேயே 1849 முதல் 1874 வரை கால் நூற்றாண்டைக் கழித்த அவருக்குச் சுவடிகளோடு பழக்கம் உண்டு; ஆனால் இங்கே சாட்சிகள் உயிரோடிருந்தார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பேசினார்கள், அவர்களைத் தபால் மூலமாகத்தான் விசாரிக்க முடிந்தது.

1896 மே 28-ஆம் தேதி விவேகானந்த சுவாமிகள் அவரைக் காணச் சென்றார். எழுபத்திரண்டு பிராயத்துப் பெரியவர் விருந்தினரைக் கல்லூரிகளுக்கும் போட்லியன் நூல்நிலையத்துக்கும் தாமே அழைத்துப் போய்க் காட்டியதையும், இரவில் ரயிலடி வரை வந்து வழியனுப்பியதையும், பரமஹம்சரின் சிஷ்யரைச் சந்திக்கும் பேறு தினந்தோறும் கிட்டுவதில்லையே என்று காரணம் சொன்னதையும் சுவாமிகள் உள்ளம் கசிந்து எழுதினார். அவ்வியாசம் வந்தது நம் சென்னைப் பட்டணத்துப் ‘பிரம்மவாதின்’ பத்திரிகையில்.

அந்த ஜூன் மாதத்திலேயே லண்டனிலிருந்து சுவாமிகள் தம் குருபாயியான சசிக்கு, அதாவது மறு வருஷம் சென்னைக்கு வந்து மடம் ஸ்தாபித்த ராமகிருஷ்ணானந்தருக்கு, ஒரு கடிதம் விடுத்தார். குருதேவரின் வாக்குகளைக் கர்மம், வைராக்கியம், பக்தி, ஞானம் என வகைப்படுத்தி உடனே அனுப்ப வேண்டும். உலகமனைத்துக்கும் பொதுவான போதனைகளே முன்னிற்க வேண்டும். பச்சையான கிராமியப் பேச்சுகளைப் பிற தேசத்தார் ஆபாசமென்று கருதுவார்களாதலால் அவற்றை விலக்கிவிட வேண்டும் என்பது அதன் சாரம். இதைக் கபடமென்று எவரேனும் சொன்னால் நான் இணங்க மாட்டேன். தம் குருவை அந்நியர் சபைக்கு அழைத்துச் செல்லும் சீடனுக்கு இயல்பான கவலை அது. ஆயினும் சரித்திரகாரருக்குக் கிடைத்தது, அன்பின் கை பட்டுச் செப்பனிடப்பட்ட குறிப்பு என்பதையும் மறைப்பதற்கில்லை.

செப்பனிடாத சாட்சியமும் அவரிடம் வந்து சேர்ந்தது. பிரம்ம சமாஜத்துத் தலைவர்களில் ஒருவரான பிரதாப சந்திர மஜும்தார், 1879-லேயே பரமஹம்சரைப் போற்றி அழகிய கட்டுரை ஒன்று வரைந்தவர்; ஐரோப்பியக் கல்வியில் ஊறிய தாம், எழுத்தறிவு குறைந்த ஓர் ஏழைப் பக்தரின் முன்னால் மணிக்கணக்காக அமர்ந்திருப்பது ஏன் என்று அதில் தம்மையே வியந்து கேட்டுக்கொண்டவர். அவரே பின்னாளில் மாக்ஸ் முல்லருக்கு எழுதிய கடிதத்தில் குறைகளையும் கூறினார்: பரமஹம்சர் தம் தர்மபத்தினியை நடத்திய விதம் சரியன்று, பேச்சு சில சமயம் அருவருக்கத்தக்கது, வேசியரிடம் போதிய வெறுப்புக் காட்டவில்லை.

இக்கடிதத்தை மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் கேட்பார் யாருமில்லை. மாக்ஸ் முல்லர் அதனைத் தம் நூலிலேயே எடுத்துரைத்து விடையும் பகர்ந்தார். மனைவியே மனமுவந்து சம்மதித்த வாழ்வைப் பற்றிக் குறை சொல்லப் பிறருக்கு என்ன உரிமை என்றார். பாவிகளிடம் பரிவு காட்டிய சமய ஸ்தாபகர் இவர் ஒருவர் மட்டுமல்லர் என்றார். இவ்விரண்டும் நேரிய விடைகள். பேச்சைப் பற்றியோ, ஆடையின்றித் திரியும் துறவிகளைச் சகஜமாகக் காணும் தேசத்தில் கூச்சத்தின் அளவுகோல் வேறு என்று சொல்லிக் கடந்துவிட்டார். அவ்விடத்தில் அவருடைய வாதம் எனக்கு நிறைவளிக்கவில்லை. கேட்ட குற்றச்சாட்டுக்கு அது நேர்விடையாகாது.

சீடர்கள் தந்த வரலாற்றையும் அவர் அப்படியே விழுங்கிவிடவில்லை. ஒரு மகானைப் பற்றி ஒருவர் மற்றொருவருக்குச் சொல்ல, கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்ல, வாய்மாறும்போதெல்லாம் அற்புதம் ஏறிக்கொண்டே போகும் என்றும், அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே அது தொடங்கிவிடுகிறது என்றும், சுவாமிகள் தந்த குறிப்பிலும் அதன் சாயல் உண்டு என்றும் வெளிப்படையாகவே எழுதினார். குருபக்தியின் மேன்மையை உணர்ந்தவர் இவ்வளவு கண்டிப்பாகவும் இருந்ததுதான் அந்நூலை இன்றும் என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கச் செய்கிறது.

1898-இல் நூல் வெளியாயிற்று. வாழ்க்கை வரலாற்றுக்குப் பின் ஏறக்குறைய 400 வாக்குகள் இலக்கமிட்டு அடுக்கப்பட்டிருந்தன. அப்போது கல்கத்தாவில் மகேந்திரநாத குப்தர் என்னும் பள்ளி ஆசிரியரிடம், பரமஹம்சரின் சம்பாஷணைகள் தேதி வாரியாகக் குறிக்கப்பட்ட நாட்குறிப்புகள் இருந்தன. அவற்றிலிருந்து வங்க மொழியில் ‘கதாமிருத’த்தின் முதற் பாகம் 1902-இல் வந்தபோது மாக்ஸ் முல்லர் காலஞ்சென்று இரண்டாண்டுகளாகிவிட்டன. ஆக்ஸ்போர்டு நூலில் இலக்கத்தின் கீழ்த் தனித்து நிற்கும் உபதேசம், குப்தரின் ஏட்டில் இன்ன நாளில், இன்னார் கேட்ட கேள்விக்கு, பாட்டுக்கும் சிரிப்புக்கும் நடுவே, பரமஹம்சர் தம் கிராமத்துப் பேச்சிலேயே சொன்ன விடையாக இருக்கிறது.