கணவனுக்குப் பாஷாணம், காட்டிக் கொடுத்தன காதல் கடிதங்கள்!

எட்வர்டு புல்லம், மீரட்டில் ராணுவக் கணக்கு இலாகாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர். அவருடைய மனைவி அகஸ்டாவுக்கும் ராணுவ டாக்டர் ஹென்றி கிளார்க்குக்கும் கள்ளத்தொடர்பு ஏற்பட்டது.

கிளார்க் ஆக்ராவுக்கு மாற்றலாகிப் போனான். தபால் நிற்கவில்லை. 1911-ம் ஆண்டு, "டானிக் பொடி" என்ற பெயரில் ஆர்சனிக் பாஷாணம் தபாலிலேயே வந்தது! அதை அகஸ்டா கணவருக்குக் கொடுத்தாள். வெயில் தாக்கியதாக ஊர் நம்பவேண்டும் என்பது திட்டம். எவ்வளவு கொடுத்தாள், அவர் எப்படித் துடித்தார் என்று கள்ளக்காதலனுக்கு விவரமாக எழுதினாள். கணக்கு இலாகாக்காரரின் மனைவி அல்லவா!

அக்டோபர் 10-ந் தேதி ஆக்ராவில் புல்லம் இறந்தார். மரண சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டவன் கிளார்க்! பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

1912 நவம்பரில் கிளார்க்கின் மனைவி கூலி ஆட்களால் வெட்டிக் கொல்லப்பட்டாள். போலீசார் அகஸ்டாவின் பங்களாவைச் சோதனை போட்டார்கள். கட்டிலுக்கு அடியில் கிளார்க்கின் பெட்டி. உள்ளே அவள் எழுதிய கடிதங்கள், சுமார் 400! படித்ததும் கிழித்துப்போட அவனுக்கு மனம் வரவில்லை. புல்லத்தின் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள்; ஆர்சனிக் இருந்தது.

அலகாபாத்தில் விசாரணை நடந்தது. 1913 மார்ச் 26-ந் தேதி கிளார்க் தூக்கிலிடப்பட்டான். அகஸ்டா கர்ப்பிணி, ஆகவே உயிர் தப்பினாள். 1914-ல் நைனி சிறையில் செத்தாள், வெயில் தாக்கி.