சேற்றில் உள்ள இருப்பு

சங்கத்தின் ஐந்தொகையைப் பரிசீலிக்கையில், கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தைவிடக் காப்பு நிதியையே நாம் முதலில் பார்ப்பது வழக்கம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சிதம்பரத்துக்குக் கிழக்கில் பரந்துள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும்.

மரங்கள் கரியமில வாயுவை உட்கொண்டு வளர்வதை அங்கத்தினர் அறிவர். மேட்டு நிலத்தில் உதிர்ந்த சருகு விரைவில் மக்கி, அதிலுள்ள கரி மீண்டும் காற்றில் கலந்துவிடும். ஓதநீர் ஊறிய சேற்றிலோ பிராணவாயு அரிது. ஆகவே இலையும் வேரும் மக்க நெடுங்காலம் செல்லும். இந்து, பசிபிக் கடலோரக் காடுகளை அளந்து 2011-இல் வெளியான ஆய்வில், மரமும் மண்ணும் சேர ஹெக்டேருக்குச் சராசரி 1,023 டன் கரி காணப்பட்டது. கழிமுகக் காடுகளில் அதன் பெரும்பங்கு மண்ணிலேயே கிடக்கிறது.

எனவே, மரத்தை வெட்டினால் விறகு மட்டுமே செலவு என்று கணக்கெழுதுவது பிழை. பிச்சாவரத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக் காலந்தொட்டுப் பல்லாண்டுகள் கூறு கூறாகக் காடு வெட்டப்பட்டது. நிழலிழந்த சேறு வெயிலில் உலர்ந்து தாழ்ந்தது. காற்றுப் புகுந்த சேற்றில் கரி நிலைப்பதில்லை. பள்ளத்தில் புகுந்த ஓதநீர் வடிய வழியின்றி அங்கேயே வற்றி உப்பை விட்டுச் சென்றது, கன்றுகள் பிழைக்கவில்லை. வடிகாலில்லா வயலில் உவர் ஏறக் கண்ட விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரும் கூடி, மீன்முள் போன்று கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டினர். ஓதம் வந்து மீளவே உப்புக் குறைந்தது, நட்ட கன்றுகள் வேர்கொண்டன. மரம் சில ஆண்டுகளில் உயர்ந்துவிடும். சேற்றின் பழைய இருப்பு நிரம்பப் பல பத்தாண்டுகள் செல்லும். அதுவரை வாய்க்காலில் படியும் வண்டலை அவ்வப்போது வாரியாக வேண்டும்.