காணாமல் போகும் ‘இட்’

எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் பொதுவாக நிற்காது. செயப்படுபொருளின் கதை அதைவிடச் சிக்கலானது. ‘சாவி எங்கே?’ என்று கேட்டால் ‘மேசைமேல் வைத்தேன்’ என்கிறோம். எதை வைத்தாய் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அதையே ஆங்கிலத்தில் ‘ஐ புட் ஆன் தி டேபிள்’ என்றால் வாக்கியம் நொண்டுகிறது. ‘ஐ புட் இட் ஆன் தி டேபிள்’ என்றாக வேண்டும். இந்த ‘இட்’டை விட்டுவிடுவதைக் கவனக்குறைவு என்று திட்டுவது நியாயமில்லை. தமிழ் இலக்கணப்படி யோசிப்பதால் வரும் பிழை இது. ‘வைத்தேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ விகுதி, வைத்தவர் யார் என்று சொல்லிவிடுகிறது. வைக்கப்பட்ட பொருளைக் காட்ட வினையில் எந்த விகுதியும் இல்லை. இருந்தும், பேச்சில் ஏற்கெனவே வந்துவிட்ட பொருளானால் ‘அதை’ என்று சொல்லாமலே தமிழில் காரியம் நடந்துவிடும்.

‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்று ஆங்கிலேயரும் சொல்கிறார்களே, அங்கே செயப்படுபொருள் எங்கே என்று கேட்கலாம். நல்ல கேள்வி; இந்தப் பாடத்தின் சாவியே அதில்தான் இருக்கிறது. அங்கே விடுபட்டிருப்பது ‘ஏதோ ஒரு சாப்பாடு’. இன்ன பண்டம் என்பது பேச்சுக்கு முக்கியமில்லை. ஆனால் ‘அந்த மாம்பழம் எங்கே?’ என்ற கேள்விக்கு ‘ஐ ஏட்’ என்று பதில் சொல்ல முடியாது, ‘ஐ ஏட் இட்’ என்றுதான் சொல்ல வேண்டும். வினை ஒன்றுதான். பொருள் இன்னதென்று தெரிந்துவிட்டதால்தான் ‘இட்’ கட்டாயமாகிறது. தமிழில் இது நேர்மாறு: தெரிந்த பொருள் என்பதாலேயே ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். குன்றிய வினை, குன்றா வினை என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வது பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலத்தில் எல்லா வினைக்கும் செயப்படுபொருளை விட்டுவிடும் சலுகை கிடையாது என்பதும் உண்மை. ‘ஈட்’ தரும் இடத்தை ‘டிவவர்’ (ஆவலோடு விழுங்குதல்) தராது. அதற்கு எப்போதும் செயப்படுபொருள் வேண்டும்.

தெரிந்த பொருளுக்கு ‘இட்’ கட்டாயம் என்றாலும், மருந்து பாட்டிலில் ‘ஷேக் வெல் பிஃபோர் யூஸ்’ என்று இருக்கிறது. குலுக்க வேண்டிய பொருள் கையிலேயே இருப்பதால் அங்கே ‘இட்’ இல்லை. அது லேபிளுக்கும் சமையல் குறிப்புக்கும் உரிய நடை, பேச்சுக்குச் செல்லாது. ‘ஐ நோ’ என்பது இன்னும் நுட்பமானது. ஒரு செய்தியைப் பற்றி ‘தெரியும்’ என்பதற்கு ‘ஐ நோ’ போதும். ‘முருகனைத் தெரியுமா?’ என்ற கேள்விக்கோ ‘யெஸ், ஐ நோ ஹிம்’ என்றுதான் பதில். ஆளைக் குறிக்கும்போது ‘ஹிம்’ வந்தே தீர வேண்டும், ‘ஹி’ வராது. பெயர்ச்சொற்களில் இரண்டாம் வேற்றுமை உருபை எப்போதோ இழந்துவிட்ட ஆங்கிலம், மி, ஹிம், ஹர், அஸ், தெம் போன்ற பதிலிப்பெயர்களில் மட்டும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ‘என்னை’, ‘எனக்கு’ இரண்டுக்கும் ‘மி’ ஒன்றே என்பதை மட்டும் நாம் பழகிக்கொள்ள வேண்டும்.

எப்படியும் புரிந்துவிடுகிறதே, இந்தச் சின்னச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்பது அடுத்த கேள்வி. எப்போதும் புரிவதில்லை. ‘குடை எங்கே?’ என்றதற்கு ‘ஐ லெஃப்ட் இன் தி பஸ்’ என்று பதில் சொன்னால், ‘நான் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன்’ என்று பொருளாகிவிடும். ‘ஐ லெஃப்ட் இட் இன் தி பஸ்’ என்றால்தான் குடை பஸ்ஸில் கிடக்கிறது. ‘லீவ்’ என்ற வினைக்குக் கிளம்புதல், விட்டுவிட்டு வருதல் என்று இரு பொருள்கள். இந்த இடத்தில் எது என்பதைத் தீர்மானிப்பது அந்த ‘இட்’தான். விளக்கை அணைக்கச் சொல்லும்போது ‘இட்’ நிற்கும் இடமும் முக்கியம். ‘ஸ்விட்ச் ஆஃப் தி லைட்’, ‘ஸ்விட்ச் தி லைட் ஆஃப்’ இரண்டும் சரி. ‘லைட்’டுக்குப் பதில் ‘இட்’ வந்தால் ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ மட்டுமே சரி. ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ தவறு.