60 வயசு ஹெரால்டைக் காப்பாத்திடலாம்... 25 வயசு லான்சரை? - திருவள்ளூர் காருக்கு வந்த சோதனை!

திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டைக்குத் தினமும் ஷிஃப்டுக்குப் போய்வருகிறவர்களில் 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் கேட்டுப்பாருங்கள். இந்தப் பக்கத்திலேயே ஒரு கார் தொழிற்சாலை இருந்தது பலருக்குத் தெரியாது. அம்பாசடர் காரைச் செய்த அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ்தான் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரித்தது. தொடங்கிய ஆண்டு 1998. 1.5 லிட்டர் பெட்ரோல், 2 லிட்டர் டீசல் என இரண்டு இன்ஜின்கள். தாழ்ந்து, நீண்டு, பார்த்ததுமே ஓட்டிப்பார்க்கத் தோன்றும் கார். அந்தக் காலத்தில் தெருவில் ஒரு வீட்டில் லான்சர் நின்றால், 'அவங்க வேற லெவல்' என்று அர்த்தம்.

பிறகு பஜேரோ வந்தது. இசுசு வண்டிகளும் சில காலம் ஒப்பந்த அடிப்படையில் இங்கே உருவாயின. ஆந்திர எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலை கட்டிக்கொண்டு 2016-ல் இசுசு கிளம்பிவிட்டது. லான்சரும் கடைகளிலிருந்து காணாமல்போனது.

ஆனால், விற்ற வண்டிகள் இருக்கின்றனவே! முதல் லான்சர்களுக்கு இப்போது 25 வயதுக்கு மேல் ஆகிறது. அப்பா ஆசையாக வாங்கிய வண்டி, கவர் போட்டு போர்ட்டிகோவில் நிற்கிறது. 'காயலான் கடைக்குப் போட்டுடலாமா, இல்லை ரெடி பண்ணி ஓட்டலாமா?' என்ற கேள்வி பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 60 வயதான காரைக் காப்பாற்றுவதைவிட 25 வயதுக் காரைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். பட்டறையிலும் அப்படித்தான், ஆர்.டி.ஓ அலுவலகத்திலும் அப்படித்தான்!

நம்ம ஊர் ஹெரால்டு

முதலில் அந்த 60 வயசுக்காரரைப் பார்ப்போம். சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு காரை 1961-லிருந்து 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் இங்கே தயாரித்தார்கள். வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலாட்டி. 948 சிசி இன்ஜின். பானெட்டைத் திறந்தால் முன்சக்கரத்தின் மேல் இருக்கும் மட்கார்டு உட்பட மொத்த முகமும் முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். குறுகலான சந்தில்கூட ஆட்டோ மாதிரி திரும்பிவிடும்.

ஒரிஜினல் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். 'குடும்பத்தோட போற ஊர்ல ரெண்டு கதவு எப்படிங்க பத்தும்?' என்று யோசித்திருப்பார்கள்போல. 1968-ல் வந்த மார்க் 3-ல் நான்கு கதவு வைத்தார்கள். இப்படி ஒரு ஹெரால்டு உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. 1971-வாக்கில் ஹெரால்டு நின்று, 1972-ல் 'கெஸல்' வந்தது. கடைசியாக 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1988-ல் அதுவும் நின்றுபோனது.

கம்பெனியே இல்லாத காருக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்? பிரிட்டனில்! டிரையம்ப் ஹெரால்டுக்கு அங்கே இன்னும் ரசிகர்கள் இருப்பதால், இன்ஜின், சஸ்பென்ஷன் பாகங்களைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். நம்ம ஊர் ஸ்பெஷலான பின்கதவுக்கு மட்டும் லண்டனிலும் ஸ்பேர் கிடையாது. அதற்குப் புதுப்பேட்டையில் தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் டிங்கர் கைதான் கதி.

பட்டறையில் நடப்பது என்ன?

பழைய காரின் முதல் எதிரி துரு. அதிலும் சென்னைக் கடல்காற்று பட்ட வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். கதவின் அடிப்பக்கம், சக்கர வளைவு, மேட்டுக்குக் கீழே இருக்கும் தளம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி... முதலில் இந்த நான்கு இடங்களைத்தான் அனுபவசாலிகள் பார்ப்பார்கள். முறையான வேலை என்றால், துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை அளவாக வளைத்து வெல்டிங் வைக்க வேண்டும். குறுக்குவழி, ஓட்டையின் மேல் பட்டி பூசி பெயின்ட் அடிப்பது. ஆறு மாதத்துக்கு வண்டி பளபளக்கும். அடுத்த மழையில் பெயின்ட் கொப்பளிக்கும்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை ஒரு துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் வழுக்கி விழும். விற்பவர் முகத்தையும் அப்போது கவனியுங்கள்!

இன்ஜின் வேலையைப் பொறுத்தவரை ஹெரால்டு, அம்பாசடர் தலைமுறை கார்கள் லேத் பட்டறையை நம்பிப் பிழைக்கலாம். சிலிண்டர் தேய்ந்துவிட்டால் போரிங் போட்டு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் மாட்டுவார்கள். ஷாஃப்டைக் கிரைண்டிங் செய்வார்கள். புஷ், பின், பிராக்கெட் போன்றவற்றை அளவு கொடுத்தால் கடைந்தே தந்துவிடுவார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கால இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. வால்வும் அது உட்காரும் இடமும் உரசித் தேயாமல் அந்த ஈயம்தான் காப்பாற்றியது. 2000-ம் ஆண்டோடு இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு முடிவு கட்டப்பட்டது. எல்லோருடைய உடல்நலத்துக்கும் அது நல்லதுதான். ஆனால், பழைய இன்ஜினின் ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான உலோகத்தில் வால்வு சீட் போட்டுவிட்டால், பிறகு தொல்லை இல்லை.

இப்போது புதிதாக இன்னொரு தலைவலி, 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸையும் வாஷரையும் உப்பவைக்கும், வெடிக்கவைக்கும். பெட்ரோல் கசிந்து சூடான இன்ஜின் மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வண்டி பழசாக இருந்தால், டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. ஓட்டாத வண்டியில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கிவைக்கவும் கூடாது.

லான்சருக்கு ஏன் கஷ்டம்?

இரும்பைக் கடையலாம், தகட்டை வளைக்கலாம், சீட்டைத் தைக்கலாம். பிளாஸ்டிக்கை என்ன செய்வது? லான்சரின் ஹெட்லைட், பம்பர், டேஷ்போர்டு, உள்ளே இருக்கும் சின்னச்சின்ன கிளிப் எல்லாமே பிளாஸ்டிக். வெயிலில் நொறுங்கிப்போனால் லேத்தில் செய்ய முடியாது. பெட்ரோல் லான்சரில் எரிபொருளைச் செலுத்தும் வேலையை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பார்க்கிறது. அது இறந்துவிட்டால் காதில் வைத்துக் கேட்டு ட்யூன் பண்ணும் பழைய மெக்கானிக்கின் திறமை அங்கே செல்லாது. இன்னொரு லான்சரை உடைத்தால்தான் இந்த லான்சர் பிழைக்கும் என்ற நிலை.

கண்ணாடியும் அப்படித்தான். அதனால்தான் லான்சர் வைத்திருப்பவர்கள், தேவைப்படுவதற்கு முன்பே ஹெட்லைட்டும் முன்கண்ணாடியும் எங்கே கிடைத்தாலும் வாங்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் திட்டு விழத்தான் செய்யும்.

நிறுத்திவைத்திருக்கும் வண்டியை மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து அணைப்பது போதாது. 10, 15 கிலோமீட்டர் ஓட வேண்டும். அப்போதுதான் இன்ஜின் முழுதாகச் சூடேறி, சைலன்சருக்குள் தேங்கிய தண்ணீர் ஆவியாகும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் எலி! அது வயரைக் கடித்தால், கம்ப்யூட்டர் இருக்கும் காரில் பழுதைத் தேடியே ஒரு வாரம் போய்விடும்.

சோழவரத்தின் சீறல்

'பழசை அப்படியே வெச்சுக்கிட்டு என்ன பண்றது, பெரிய இன்ஜின் மாட்டி, உயரத்தைக் குறைச்சு அசத்திடலாமே?' என்று கேட்கும் இளைஞர்களும் உண்டு. அமெரிக்காவில் இதற்கு 'ஹாட் ராட்' என்று பெயர். கலிஃபோர்னியா இளைஞர்கள் 1932 ஃபோர்டு மாதிரியான பழைய கார்களின் மட்கார்டைக் கழற்றி, இன்ஜினை முறுக்கேற்றி, வறண்ட ஏரிப் படுகைகளிலும் பிற்பாடு கைவிடப்பட்ட விமான ஓடுதளங்களிலும் சீறவிட்டார்கள்.

அச்சு அசலாக அதே கதை நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலும் நடந்தது. இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. 1950-களிலிருந்து அங்கே கார், பைக் ரேஸ் நடத்தினார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் உருவானது. வெளிநாட்டிலிருந்து ரேஸ் கார் இறக்கியவர்களும் ஓட்டினார்கள். வீட்டு ஃபியட்டையும் ஹெரால்டையும் பட்டறையில் முறுக்கேற்றிக் கொண்டுவந்தவர்களும் ஓட்டினார்கள். கோவை கரிவரதன் மாதிரி சொந்தமாகவே ரேஸ் கார் கட்டியவர்கள் தலையெடுத்த காலம் அது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்த பிறகு சோழவரம் அமைதியானது.

டிராக்கில் அப்படி ஓட்டலாம். சாலையில் முடியாது. கம்பெனி கொடுத்த அடிப்படை வடிவத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் காட்டி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயின்ட் கலரை மாற்றினாலும் ஆர்.சி-யில் ஏற்ற வேண்டும். முன்அனுமதி இல்லாமல் வேறு இன்ஜின் மாட்டினால் எஃப்.சி-யிலும் சிக்கல், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல்.

ஆர்.டி.ஓ கணக்கு

மத்திய அரசு 2021 ஜூலையில் 'வின்டேஜ்' வாகனங்களுக்கெனத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப்போக முடியாது.

இந்தக் கணக்கில் ஹெரால்டுகள் எல்லாமே வின்டேஜ் வயதைத் தாண்டிவிட்டன. கெஸல் இப்போது ஒவ்வொன்றாக உள்ளே வருகிறது. லான்சர்? 1998-ல் பதிவான வண்டி 2048-ல்தான் 50-ஐத் தொடும்.

அதுவரை அது சட்டத்தின் கண்ணில் வெறும் 'பழைய வண்டி'. முதல் 15 ஆண்டு முடிந்த பிறகு, 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி.

1998 லான்சர் ஒன்று 2023-ல் பதிவைப் புதுப்பித்திருந்தால், இனி 2028, 2033, 2038, 2043 என நான்கு முறை ஆர்.டி.ஓ படியேற வேண்டும். கட்டணம் இதே அளவில் நின்றால்கூட 40,000 ரூபாய். ஒவ்வொரு முறையும் அதே பம்பர், அதே ஹெட்லைட், அதே கம்ப்யூட்டர் பெட்டியோடு வண்டி ஆய்வுக்குப் போய் நிற்க வேண்டும். பரணில் இருக்கும் அந்த ஹெட்லைட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!