ஷூவில் விழும் சுருக்கம்

தாம்பரத்தில் சென்னைக் கடற்கரைக்குப் போகும் மின்ரயிலில் ஏறினால் அடுத்து சானடோரியம், அதற்கடுத்து குரோம்பேட்டை. குரோம் உப்பால் தோல் பதனிட்ட 'குரோம் லெதர்' தொழிற்சாலைதான் அந்த ஊருக்குப் பெயர் தந்தது. இன்று ஷூக்களின் மேல்தோல் பெரும்பாலும் அந்த முறையில் பதனிட்டதே.

எவ்வளவு நல்ல தோலானாலும், நடக்கும்போது பாதம் மடங்கும் இடத்தில் சுருக்கம் விழத்தான் செய்யும். அது குறையல்ல. முதுகுப் பகுதித் தோலில் நார்கள் நெருங்கிப் பின்னியிருப்பதால் சுருக்கம் மெல்லிய கோடுகளாக நிற்கும். வயிற்றுப் பகுதித் தோல் தளர்வானது. தடித்த மடிப்பாக விழும். மேற்பரப்பைத் தேய்த்து, கனமாகப் பூச்சு ஏற்றிய தோல் கடையில் கண்ணாடிபோல் மின்னும். போடப் போட மடிப்பில் பூச்சு வெடித்துவிடும்.

ஆனால் ஷூ வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அளவுதான். ஷூவை மாட்டி, குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். விரல்களுக்குப் பின்னால் தோல் புடைத்து எழுந்தால் ஷூ உங்களுக்குப் பெரிது. உள்ளே இருக்கும் அந்த வெற்றிடமே நாளடைவில் ஆழமான மடிப்பாகிறது. விலை உயர்ந்த தோலும் இதற்குத் தப்பாது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது அளவு பாருங்கள். வீட்டில் கழற்றியதும் உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். வியர்வை ஈரத்தை உறிஞ்சும், மடிப்பும் ஓரளவு நிமிரும்.