காகிதம் போகட்டும், புள்ளி போக வேண்டாம்

மருதாணி டிசைன், நிக்காஹ் அழைப்பிதழுக்கான எழுத்து, மதரஸா ஆண்டு விழாப் போட்டிக்கு வரைந்த அரபு எழுத்தணி என்று பேனாவால் அழகாக வரையும் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். வரைந்ததைச் செல்போனில் படம் பிடித்து அச்சகத்துக்கு அனுப்பும்போதுதான் சிக்கல் வருகிறது. பச்சை நிற அழைப்பிதழின் நடுவில், ஒட்டுப்போட்டது போல ஒரு சாம்பல் நிறச் சதுரம் தெரிகிறது. "கம்ப்யூட்டரில் திரும்ப வரையணும், அதற்குத் தனிக் கட்டணம்" என்கிறார்கள். மருதாணி டிசைன் விற்றுச் சிறு வருமானம் பார்க்கும் பெண்களுக்கு அந்தக் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். காகிதத்தை நீக்கி மையை மட்டும் பிரித்தெடுக்கும் வேலையை வீட்டிலேயே, காசில்லாமல் செய்யலாம்.

இது கம்ப்யூட்டரோடு வந்த புது யோசனை அல்ல. சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து 1927 முதல் வெளிவந்த 'முஸல்மான்' உருது நாளிதழை எண்ணிப் பாருங்கள். காத்திப் எனப்படும் எழுத்தர்கள் அதன் பக்கங்களைப் பல பத்தாண்டுகள் கைப்பட மையால் எழுதினார்கள். எழுதிய பக்கத்தைப் படமெடுத்து நெகட்டிவ் ஆக்கி, அதிலிருந்து அச்சுத் தகடு செய்தார்கள். நெகட்டிவில் காகிதம் இருந்த இடம் கறுத்து ஒளியைத் தடுக்கும்; மை இருந்த இடம் மட்டும் கண்ணாடி போல ஒளியை விடும். நாம் இன்று கம்ப்யூட்டரில் செய்யப்போவதும் இதே வேலைதான்.

கம்ப்யூட்டருக்குக் காகிதம், மை என்ற வேறுபாடு தெரியாது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் மட்டுமே தெரியும். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் காகிதம் செல்போன் படத்தில் நடுவில் 210, நிழல் விழுந்த ஓரத்தில் 150 என்று இருக்கலாம். மைக்கோடு 50 அளவில் இருக்கும். "170க்கு மேல் எல்லாம் வெள்ளை, கீழே எல்லாம் கறுப்பு" என்று கோடு கிழித்தால் நிழல் விழுந்த ஓரமும் கறுப்பாகிவிடும். இந்த எல்லைக்கோட்டைக் கம்ப்யூட்டரே கணக்கிட்டுப் பிடிக்கும் ஒரு முறையை ஜப்பானியரான நோபுயுகி ஓட்சு 1979இல் வெளியிட்டார். ஆனாலும் நிழல் பலமாக விழுந்த படத்துக்கு ஒரே எல்லைக்கோடு போதாது. அதனால் பாதி வேலை படம் எடுக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

கோடு போடாத வெள்ளைத்தாளில், கறுப்பு மையில் வரையுங்கள். மை நன்றாகக் காய்ந்த பிறகு பென்சில் கோடுகளை அழித்துவிடுங்கள். ஸ்கேனர் உள்ள ஜெராக்ஸ் கடையில் 600 டிபிஐ அளவில், 'கிரே ஸ்கேல்' முறையில் ஸ்கேன் செய்து தரச் சொல்வது சிறந்தது. செல்போன்தான் என்றால், பகலில் நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் தாளை வைத்து, ஃபிளாஷ் போடாமல், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். உங்கள் நிழல் தாளில் விழக்கூடாது.

அடுத்து, இலவசமாகக் கிடைக்கும் 'ஜிம்ப்' மென்பொருளில் படத்தைத் திறந்து, முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளைச் சாயலுக்கு மாற்றுங்கள். 'லெவல்ஸ்' பகுதியில் மூன்று சிறு முக்கோணங்கள் இருக்கும். வலப்பக்க முக்கோணத்தை இடப்பக்கமாக நகர்த்த நகர்த்தக் காகிதம் வெளுக்கும். இடப்பக்க முக்கோணத்தை வலப்பக்கமாக நகர்த்தினால் மை கறுக்கும். மெல்லிய கோடுகள் அறுபடத் தொடங்கினால் சற்றுப் பின்வாங்குங்கள். 'த்ரெஷோல்டு' என்ற வசதி இதை ஒரே நொடியில் செய்யும். ஆனால் கோட்டின் ஓரத்தில் உள்ள இடைப்பட்ட சாம்பல் நிறங்களை அது வெட்டிவிடுவதால், வளைவுகள் ரம்பப் பல் போல் ஆகிவிடும்.

பிறகு 'கலர் டு ஆல்ஃபா' வசதியில் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் காகிதம் மறைந்து மை மட்டும் நிற்கும். இதை 'பிஎன்ஜி' கோப்பாகச் சேமியுங்கள். 'ஜேபெக்' கோப்பில் பின்னணியில்லாத படத்தைச் சேமிக்க முடியாது. மீண்டும் ஒரு நிறம் வந்து அடைத்துக்கொள்ளும். அச்சகத்துக்கு அனுப்புமுன் அடியில் ஒரு பச்சை நிறத்தை வைத்துப் பாருங்கள். மிச்சமிருக்கும் வெளிறிய கறை அப்போது தெரிந்துவிடும். பின்னணியைத் தானாக நீக்கும் செல்போன் செயலிகள் பெரும்பாலும் ஆள், பொருள் ஆகியவற்றின் படங்களுக்கானவை. மருதாணிக் கொடியின் இலைகளுக்கு நடுவே உள்ள காகிதத்தை அவை அப்படியே விட்டுவிடக்கூடும்.

அரபு எழுத்து என்றால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. தூசியையும் சிறு கறைகளையும் தானாக நீக்கும் வசதிகள் பல மென்பொருள்களில் உண்டு. பூ டிசைனில் ஒரு புள்ளி போனால் பெரிய நட்டமில்லை. அரபியில் 'பா'வுக்குக் கீழே ஒரு புள்ளி, 'தா'வுக்கு மேலே இரண்டு, 'ஸா'வுக்கு மேலே மூன்று. எழுத்தின் உடல் ஒன்றேதான். மென்பொருளுக்கு நுக்தாவும் தூசியும் ஒன்று. ஒரு புள்ளி போனால் எழுத்து மாறும், எழுத்து மாறினால் பொருள் மாறும். குர்ஆன் வசனத்தில் அப்படி நேர்ந்து, அது ஆயிரம் அழைப்பிதழில் அச்சேறினால் என்ன ஆகும்? ஆகவே அரபு எழுத்தில் தூசியைக் கையால், ஒவ்வொன்றாகப் பார்த்து அழியுங்கள். முடித்ததும் மூலத்தாளைப் பக்கத்தில் வைத்து, ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

சில வீட்டுப் பெட்டிகளில் நன்னா, நன்னி காலத்து அரபுத்தமிழ் நோட்டுகள் இன்னும் இருக்கலாம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளோடு கூடுதல் புள்ளிகளும் குறிகளும் சேர்த்தார்கள். அங்கே புள்ளி இன்னும் முக்கியம். அத்தகைய நோட்டுகளை முதலில் வண்ணத்தில், கறையும் பழுப்பும் உள்ளபடியே படமெடுத்து இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். கறுப்பு வெள்ளையாக்கினால் சிவப்பு மையில் எழுதிய தலைப்புக்கும் மற்ற வரிகளுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். காகிதத்தை நீக்கிய படம் படிப்பதற்கும் அச்சிடுவதற்கும் மட்டுமே. அதை எடுத்தாயிற்று என்று மூல நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

விடுமுறையில் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு மருதாணி டிசைனில் இதைப் பழகச் சொல்லுங்கள். கை பழகிய பிறகு அரபு எழுத்துக்கும், அதன் பின் பழைய நோட்டுகளுக்கும் வரலாம், இன்ஷா அல்லாஹ்.