கத்திரிப் பூவுக்குள் ஒரு ட்யூனிங் ஃபோர்க்

இலக்கணப்படி இளவேனில் சித்திரையில்தான் தொடங்குது. ஆனா புங்க மரத்துக்கு இலக்கணம் தெரியாதே! மாசி கடைசியிலேயே பழைய இலையைக் கொட்டிட்டு, பளபளன்னு தளிர் விட்டு, பங்குனியில் பூத்துத் தள்ளிடும். இன்டர்னல் டெஸ்ட் நடக்கும் அதே நாட்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் தூக்கத்தை விட்டுட்டு, காலேஜ் காம்பவுண்டைத் தாண்டி வயல் பக்கம் போங்க. பைனாகுலர் எல்லாம் வேண்டாம்.

ஏழு மணிக்கே போனால் பட்டாம்பூச்சிகள் பறக்காது. இறக்கையை விரிச்சு வெயிலில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதோட நெஞ்சுப் பகுதியில் இருக்கும் தசை சூடானால்தான் இறக்கை அடிக்க முடியும். அதனால் போட்டோ எடுக்க நல்ல நேரம் அதுதான். எருக்கஞ்செடி இருந்தால் முதலில் அங்கே நில்லுங்க. ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு ஓரம் போட்ட வெந்தய வரியன் கட்டாயம் வரும். இதோட புழு எருக்க இலையைத் தின்னு, அந்தப் பாலில் உள்ள நஞ்சை உடம்பில் சேர்த்து வச்சுக்கும். ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை அடுத்த தடவை கிட்டவே வராது. அந்தத் தைரியத்தில்தான் இது இவ்வளவு நிதானமா பறக்குது. வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணில் கும்பலா பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்திருந்தால், அது தாகம் மட்டும் இல்லை. மண்ணில் இருக்கும் உப்பை உறிஞ்சுது. பெரும்பாலும் ஆண்கள்.

இனிமேல்தான் நம்ம சப்ஜெக்ட். பக்கத்தில் கத்திரித் தோட்டம் இருந்தால் கேட்டுட்டு உள்ளே போங்க. கத்திரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் பூட்டி வச்ச மாதிரி. நடுவில் இருக்கும் மஞ்சள் குழாய்கள் ஒவ்வொன்றின் நுனியிலும் சின்ன ஓட்டை, உப்பு டப்பா மாதிரி. குலுக்கினால்தான் தூள் வெளியே வரும். நமக்குத் தெரிந்த அடுக்குத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தெரிந்தவர்களில் ரெண்டு பேர்: உருண்டையான கறுப்புத் தச்சுத் தேனீ (நம்ம ஊரில் வண்டுன்னே சொல்லிடுவாங்க), அப்புறம் வயிற்றில் நீலப் பட்டைகள் போட்ட ஒரு சின்னத் தேனீ.

இது பூவைக் காலால் கட்டிப்பிடிக்கும். இறக்கையை மடக்கிட்டு, பறக்கப் பயன்படுத்தும் அதே தசைகளை மட்டும் ஓட விடும். எஞ்சின் ஓடுது, கிளட்ச் அமுக்கியிருக்கு, அவ்வளவுதான். பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிடக் கூர்மையா ஒரு 'ஸ்ஸ்ங்'. வினாடிக்குச் சில நூறு அதிர்வுகள். குழாயிலிருந்து மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். நம்ப முடியலைன்னா ஃபிசிக்ஸ் லேபில் 512 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கைக் கேட்டு வாங்குங்க (அட்டெண்டர் அண்ணன் காரணம் கேட்பார், உண்மையைச் சொல்லாதீங்க, சிரிப்பார்). தட்டிட்டு, புதுசா மலர்ந்த பூவின் மஞ்சள் குழாயில் தொடுங்க. கீழே கறுப்புக் காகிதம் பிடிச்சால் தூள் விழுவது தெரியும்.

நான் போன தோட்டத்துக்கார அண்ணன் காலை எட்டு மணிக்கு மருந்து அடிச்சுட்டு இருந்தார். பூவில் தேனீ இருக்கும் நேரமே அதுதான். சாயங்காலம் அடிச்சா என்னண்ணேன்னு கேட்டேன். "ஆள் கிடைக்கணும்ல தம்பி" என்றார். அவர் கஷ்டம் அவருக்கு. ஆனாலும் அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு, நீலப் பட்டை ஒன்றைக் காட்டினார்.

இந்த நீலப் பட்டைத் தேனீக்குக் கூட்டம், ராணி, பெரிய தேனடை எதுவும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் மண் சுவரில் தனியா ஒரு ஓட்டை தோண்டி, மகரந்தமும் தேனும் கலந்து வச்சு, மேலே முட்டையிட்டு மூடிடும். காக்க வேண்டிய தேன்கூடு இல்லாததால் சும்மா பார்த்துட்டு நின்றால் கொட்டாது. ஆண்களுக்கு அந்த ஓட்டையில் இடமில்லை. சாயங்காலம் ஏதாவது காய்ந்த தண்டை வாயால் கவ்வி, வரிசையா தொங்கிக்கிட்டே தூங்கும். ஆறு மணிக்குப் போய்ப் பாருங்க, டார்ச் வேண்டாம்.

இதெல்லாம் எனக்குப் போன வருஷம் தெரியாது. சேவை முகாமில் ஊர்க் கோடியில் ஒரு பழைய மண் சுவரை 'அழகுபடுத்த'ச் சொன்னாங்க. ஓட்டைகளை எல்லாம் சிமெண்ட் வச்சு அடைத்து, மேலே மரம் வளர்ப்போம் படம் வரைந்தோம். கரணை பிடிச்சது நான்தான். மறுநாள் அஞ்சாறு சின்னத் தேனீக்கள் அந்தச் சுவர் முன்னாடியே சுத்திச் சுத்தி வந்துச்சு. கொட்ட வருதுன்னு நினைச்சு ஓடினோம்.

இந்தப் பங்குனியில் போய்ப் பார்த்தேன். படம் அப்படியே இருக்கு. சுவரின் பின்பக்கம், நாங்க பூசாமல் விட்ட இடத்தில், பென்சில் நுழையும் அளவில் மூணு ஓட்டை. ஒன்றில் இருந்து ஈர மண் வெளியே விழுந்துக்கிட்டு இருந்தது.